எட்டில் ஒன்று

மாடி வீட்டைப் பார்க்க நானும் என் கணவரும் முதன்முதலாகப் போன அன்று, பாயம்மா ஒரு தட்டில் மூன்று சமோசாக்களைக் கொண்டுவந்து வைத்தார். ஆள் நான்கு பேர். நாங்கள் இருவர், பாய், பாயம்மா. "நீங்க எடுத்துக்கோங்க", "இல்ல, நீங்க எடுத்துக்கோங்க" என்று நாங்கள் நாகரிகமாக இழுத்துக்கொண்டிருக்கும்போதே அவர் உள்ளே போய்க் கத்தியை எடுத்துவந்தார். ஒவ்வொரு சமோசாவையும் நான்காக வெட்டி, ஆளுக்கு மூன்று துண்டு நகர்த்திவிட்டு, "இப்ப பேசலாம். வாடகை இன்னா சொன்னாரு புரோக்கரு?" என்றார்.

பாய் எங்களைப் பார்த்து, போகப்போகப் பழகிவிடும் என்பதுபோலச் சிரித்தார்.

பழகிவிட்டது. மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், அந்த வீட்டு மாடியில் பத்து வருஷத்துக்கு மேல் குடியிருந்தோம். சந்தில் எல்லோருக்கும் அவர் பாயம்மாதான். ராயப்பேட்டையில் ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டித் தரும் கடை வைத்திருந்த பாய்கூட எங்களிடம், "பாயம்மாகிட்ட கேட்டுக்கோங்க" என்றுதான் சொல்வார். குள்ளமான, கனத்த உடம்பு. மூக்குக்கண்ணாடி விழாமல் இருக்க இரண்டு பக்கமும் கறுப்புக் கயிறு. என் பெயரை அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் அவருக்கு 'மாடிப் பொண்ணு'.

அந்த வீட்டில் பங்கு பிரிக்காமல் எதுவும் யார் வாய்க்குள்ளும் போகாது. பெரிய மகன் அன்வருக்கு நல்லி எலும்பு என்றால் உயிர் என்பது சந்துக்கே தெரியும். ஆனாலும் பிரியாணியில் நல்லி ஒரு வாரம் அன்வருக்கு, அடுத்த வாரம் சின்னவன் ரியாஸுக்கு, அதற்கடுத்த வாரம் கடைக்குட்டி ஷமீமுக்கு. ஷமீம் கல்யாணமாகி ஆதம்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருந்தாள். அவளுடைய முறை வரும் ஞாயிற்றுக்கிழமை அவள் வராவிட்டால், நல்லி டப்பாவில் ஏறி ஃப்ரிட்ஜுக்குள் போய்விடும். அன்வர் ஃப்ரிட்ஜைத் திறந்து, பெருமூச்சு விட்டு, மூடுவதை நானே பார்த்திருக்கிறேன். நாற்பதை நெருங்கிய மனிதர், தலையில் பாதி முடி இல்லை.

கோடையில் சந்துக்குத் தண்ணீர் லாரி வந்தால், யாரும் கேட்காமலேயே தலைமைப் பொறுப்பு பாயம்மாவுக்குப் போய்விடும். வீட்டுக்கு இத்தனை குடம் என்று அவர் சொன்னால் சொன்னதுதான். ஒருமுறை மூலை வீட்டு மாமா, "எங்காத்துல நாளைக்கு ஸ்ராத்தம். ரெண்டு குடம் கூட விடச் சொல்லுங்கோ" என்று கேட்டுப் பார்த்தார். பாயம்மா அசையவில்லை.

"லாரித் தண்ணி எல்லாருக்கும் ஒண்ணு மாமா. உங்களுக்கு நாளைக்கு விசேஷம்னா, என் பங்குலேர்ந்து ரெண்டு கொடம் எடுத்துக்கோங்க."

மாமா எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் பாயம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, டீ போட ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக்கொண்டு போனார். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. யாராவது இதைப் பற்றிக் கேட்டால், "பாசம் வேற, பங்கு வேற. ரெண்டையும் கலக்காத" என்பார். நான் ஆயிரம் முறையாவது கேட்ட வசனம் அது.

அந்த வசனத்தால் எனக்கு ஒருமுறை நிஜமாகவே கோபம் வந்தது. ஷமீமின் கணவருக்கு வேலை போயிருந்த வருஷம். இரண்டு குழந்தைகளின் பள்ளிக்கூடக் கட்டணம், வீட்டு வாடகை எல்லாம் முட்டிக்கொண்டு நின்றது. பெருநாளன்று பாயம்மா தன் பிள்ளைகளுக்குக் காசு கொடுப்பது வழக்கம். அந்த வருஷமும் மூன்று பேருக்கும் ஒரே தொகைதான் கொடுத்தார். அதற்குள் துபாய்க்குப் போய் நல்ல சம்பளத்தில் இருந்த ரியாஸுக்கு எவ்வளவோ, அவ்வளவே ஷமீமுக்கும். ஷமீம் அதை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு மாடிப்படியில் வந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கீழே போய்க் கேட்டேவிட்டேன்.

"பாயம்மா, அவ இருக்கற நெலமை உங்களுக்குத் தெரியாதா? கூடக் கொஞ்சம் குடுத்தா என்ன?"

அவர் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "இன்னிக்கி அவளுக்குக் கூட்டிக் குடுத்தேன்னு வையி. நாளைக்கி அவனுங்க ரெண்டு பேரும் அவள ஒரு மாதிரி பாப்பானுங்க. காசு நாலு நாள்ல தீந்துடும். அந்தப் பார்வ தீராது. நான் இருக்கறப்பவே அவளுக்கு எதிரி சேத்து வெச்சிட்டுப் போவணுமா?"

எனக்குச் சமாதானம் ஆகவில்லை. கல்நெஞ்சு என்று என் கணவரிடம் சொன்னேன்.

பாய்க்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது அதற்குப் பிறகுதான். இரண்டு வருஷம் டயாலிசிஸுக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். கடையையும் பார்த்துக்கொண்டு, அவரை ஆட்டோவில் ஏற்றி இறக்கி, ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் பார்த்தது அன்வர். நல்லியைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட அதே அன்வர்தான், அப்பாவை மடியில் சாய்த்து வைத்துக் கஞ்சி ஊட்டுவார். ஒரு மழைக்கால முடிவில் பாய் மௌத்தானார்.

கணவர் இறந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல் வீட்டோடு இருக்க வேண்டும். இத்தா என்பார்கள். அந்த நாட்களில் பாயம்மா கூடத்து மூலையில், பாய் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பார். யார் எதைப் பிரித்துக்கொண்டாலும் கவனிக்கவில்லை. தண்ணீர் லாரி வந்தது, போனது. சந்தில் இரண்டு சண்டை நடந்தது. அவர் எழுந்து வந்து பார்க்கவில்லை. இனி அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

இத்தா முடிந்த அடுத்த வாரம் பில்டர் வந்தார்.

சந்தில் பாதி வீடுகள் அதற்குள் ஃப்ளாட் ஆகியிருந்தன. மெட்ரோ வேலைக்காக அங்கங்கே ரோட்டை மறித்திருந்தார்கள். ஆட்டோ கிடைக்கவில்லை என்று நாங்கள் அலுத்துக்கொள்வோம். பில்டருக்கு அதுவே விளம்பரம். பழைய வீட்டை இடித்து ஆறு ஃப்ளாட் கட்டுவது, மூன்று அவருக்கு, மூன்று வீட்டுக்காரர்களுக்கு, கையில் கொஞ்சம் முன்பணம் என்று பேச்சு. நாங்கள் எப்போது காலி செய்ய வேண்டும் என்று சொல்வதற்காக என்னையும் கீழே கூப்பிட்டிருந்தார்கள். ரியாஸ் துபாயிலிருந்து போனில் முகம் காட்டிக்கொண்டிருந்தார். ஷமீம் கதவோரம் நின்றாள்.

அன்வர் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். "எனக்கு ஒண்ணு, ரியாஸுக்கு ஒண்ணு. மூணாவத வித்து ஆஸ்பத்திரிக் கடன அடைச்சிடலாம். ஷமீம் பங்கு வேணாம்னு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுடட்டும். அவளுக்குக் கல்யாணத்துக்கு நகை போட்டாச்சி. அம்மாவும் போட்டுட்டா வேலை முடிஞ்சிது. அவங்க எங்ககூடத்தான இருக்கப் போறாங்க."

பாயம்மா முதன்முறையாக நிமிர்ந்தார். "உங்ககூடன்னா? யாருகூட?"

"ஆறு மாசம் என்கூட. ஆறு மாசம் ரியாஸ்கூட. நீங்க எப்பவும் சொல்ற மாதிரிதாம்மா, சமமா பிரிச்சி."

அன்வர் அதை நல்ல மனதோடுதான் சொன்னார். அம்மாவுக்குப் பிடிக்கும் என்று நினைத்துச் சொன்னார்.

பாயம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "என்னைப் பிரிக்கறதுக்கு நான் சொல்லல. வீட்டத்தான் பிரிக்கணும். இந்த வீட்ல எனக்கு எட்டுல ஒண்ணு. அதுக்கு மேல எனக்கு வேணாம். அதுக்குக் கீழயும் வேணாம். மிச்சத்துல ஆம்பளப் பசங்க உங்களுக்கு ரெண்டு ரெண்டுன்னா, அவளுக்கு ஒண்ணு. இது நான் போட்ட கணக்கில்ல. நீ மாத்தறதுக்கும் இல்ல."

அவர்கள் மார்க்கத்தின் கணக்கு அது. சட்டத்திலும் அப்படித்தான். எங்கள் பக்கத்து இந்துச் சட்டத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சரிசமமான பங்கு; எட்டில் ஒன்றைவிடப் பெரும்பாலும் அதிகம். ஆனால் என் மாமியார் உட்பட நான் அறிந்த எந்தப் பெண்ணும் அதைக் கேட்டு வாங்கி நான் பார்த்ததில்லை. பேனாவை நீட்டினால் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். எட்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஷமீம்தான் முதலில் பதறினாள். "எனக்கு அண்ணனுங்க போதும்மா. வீடெல்லாம் வேணாம். நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

"ரெண்டும் வெச்சிக்க. ஒண்ண விட்டாதான் இன்னொண்ணு நிக்கும்னு எவன் சொன்னான்?" என்றார் பாயம்மா.

அன்வர் சிரித்து மழுப்பப் பார்த்தார். "எட்டுல ஒண்ண வெச்சிகினு இன்னாம்மா பண்ணுவீங்க? அதுல எங்க நிப்பீங்க?"

"எங்க நிக்கறதுன்னுதான கேட்ட? நாளைக்கிக் காலைல டேப்ப எடுத்துகினு வா. அளந்து குடு."

மறுநாள் அன்வர் ஜன்னல் அளக்கும் டேப்பை எடுத்து வந்தார். இன்னும் விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தார். கீழ்வீட்டை முன்வாசலோடு சேர்த்து அளந்து, கணக்குப் போட்டு, "எந்தப் பக்கம் வேணும்?" என்றார். பாயம்மா வாசல் பக்கம் விரலை நீட்டினார். அன்வர் சாக்பீஸால் கோடு போட்டார். போட்டு முடித்து நிமிர்ந்தபோதுதான் அவருக்கு விளங்கியது. கேட், தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச், மாடிப்படியின் முதல் படி எல்லாம் அம்மாவின் எட்டில் ஒன்றுக்குள் இருந்தன.

பாயம்மா அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "இது என் எடம். தாண்டிப் போறவங்க கேட்டுட்டுப் போங்க."

நான் அலுவலகத்துக்குக் கிளம்பி இறங்கி வந்து, கோட்டருகில் தயங்கி நின்றேன். "நீ போம்மா. வாடகை கட்டறவளுக்கு வழி விடணும்" என்றார். அன்வரின் மனைவி, "மாமி, போகட்டுமா?" என்று சிரித்தபடியே கேட்டுவிட்டுப் பால் வாங்கப் போவாள். ரியாஸ் போனில் கோட்டைக் காட்டச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். "சிரிக்காத. லீவுல வரப்போ நீயும் கேட்டுட்டுத்தான் உள்ள வரணும்" என்றதும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. பில்டர் மட்டும் விவரமான ஆள். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, "அம்மா, உள்ள வரலாங்களா?" என்று கேட்டார். பிறகு அன்வரைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா கையெழுத்து இல்லாம ஒண்ணும் ஓடாது சார். வாரிசுச் சான்றிதழ்ல முதல் பேரே அவங்கதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்வர் மட்டும் அம்மாவிடம் அனுமதி கேட்கவில்லை. சில நாட்கள் பின்சுவர் ஏறிப் பக்கத்துக் காலிமனையில் குதித்துக் கடைக்குப் போனார். ஒரு கோடைமழை நாளில் சுவர் வழுக்கிப் பேன்ட் முட்டியில் கிழிந்தது. அன்று சாயங்காலம், நொண்டிக்கொண்டே முன்வாசலுக்கு வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். நான் மாடிப்படியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன்.

"அத்தா இருந்திருந்தா இப்படிப் பண்ணுவீங்களாம்மா?" என்று கேட்டார்.

"அத்தா இருந்திருந்தா எனக்கு எட்டுல ஒண்ணு எதுக்குடா? முழுசா அவரே இருந்திருப்பாரே."

அன்வர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்கத்தா வீட்ட வித்தப்போ, எங்கண்ணனுங்க என்கிட்ட கையெழுத்து வாங்கிகினு ஒரு பட்டுப்பொடவ குடுத்தானுங்க" என்றார் பாயம்மா. "நல்ல பொடவதான். இன்னும் கீது. அப்ப நான் வாயத் தொறக்கல. தொறக்கணும்னே தெரியல. இப்ப உந்தங்கச்சியும் அதே மாதிரி பேசறா பாரு, 'அண்ணனுங்க போதும்'னு."

"நான் ரெண்டு வருஷம் அத்தாவத் தூக்கிகினு அலைஞ்சேன். அதுக்குப் பங்கு இல்லியா?"

"தூக்கினதுக்குப் பங்கில்ல. அதுக்கு அல்லா குடுப்பான். செலவு பண்ணியே, அது கடன். பங்கு பிரிக்கறதுக்கு முன்னாடி கடன அடைக்கணும். பில்டர் குடுக்கற முன்பணம் மொதல்ல உனக்குத்தான் வரணும். அதுல என் பங்கும் போவும், ஷமீம் பங்கும் போவும். நீ கேக்காட்டியும் நான் சொல்லியிருப்பேன். நீதான் சொவரு ஏறிக் குதிச்சிகினு இருந்த."

அன்வர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "உள்ள வரட்டுமா?" என்றார். "வா. மொதல்ல முட்டியக் காட்டு" என்றார் பாயம்மா. அவர் கோட்டுக்குள் தரையில் உட்கார்ந்து காலை நீட்ட, பாயம்மா உள்ளே பார்த்து மஞ்சள்தூள் கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தார்.

கணக்கு கடைசியில் வேடிக்கையாக முடிந்தது. பாயம்மாவின் பங்கையும் ஷமீமின் பங்கையும் சேர்த்தால், ஒரு மகனுடைய பங்குக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். மூன்று ஃப்ளாட்டில் சின்னது அம்மாவுக்கும் மகளுக்கும் சேர்த்து, அவர்கள் இருவர் பெயரிலும் எழுதப்பட்டது. முன்பணம் அன்வருக்குப் போனது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நாங்கள் மேற்கு மாம்பலத்தில் வீடு பார்த்துக்கொண்டு கிளம்பினோம். வண்டியில் சாமான் ஏற்றும்போது, தூக்கும் ஆட்கள் நான்கு பேருக்கும் டீ சரியாகப் போய்ச் சேருகிறதா என்று பாயம்மா கவனித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவரை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். ஃப்ளாட் கட்டி முடித்துக் குடிவந்த பிறகு, பெருநாளுக்குக் கட்டாயம் வரச் சொல்லி ஷமீம் போன் செய்திருந்தாள். முதல் மாடியில் வீடு. சுவரில் பெயின்ட் வாசனை போகவில்லை. ஷமீமின் குடும்பமும் ஆதம்பாக்கத்தைக் காலி செய்துவிட்டு அங்கேயே வந்திருந்தது. அவள் கணவருக்கு வேறு வேலை கிடைத்திருந்தது. பாயம்மா பாதியாக இளைத்திருந்தார். நாலு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கியது. எழுந்து நடக்க வேண்டுமானால் ஷமீமின் தோள் வேண்டும். இரண்டு வருஷம் அன்வர் அப்பாவைத் தூக்கியதுபோல இப்போது ஷமீம் அம்மாவைத் தூக்கினாள்.

துபாயிலிருந்து ரியாஸ் வந்திருந்தார். எதிர் ஃப்ளாட்டிலிருந்து அன்வர் குடும்பத்தோடு வந்திருந்தார். சாப்பாடு முடிந்து எல்லோரும் சேமியா பாயசக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கும்போது, பாயம்மா என்னைக் கைகாட்டிப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மாடிப் பொண்ணே, இங்க குந்து. நீ வெளியாளு. நீதான் சாட்சி, கேட்டுக்கணும்." பிறகு பிள்ளைகளைப் பார்த்தார். "பள்ளிவாசல் ஹஜ்ரத்கிட்ட கேட்டுட்டேன். செத்தப்புறம்தான் கணக்கு. உயிரோட இருக்கறப்போ நான் யாருக்கு வேணா குடுக்கலாம். குடுத்தேன்னு நான் சொல்லணும், வாங்கிக்கினேன்னு அவங்க சொல்லணும். இந்த வீட்ல என் பங்க நான் ஷமீமுக்குக் குடுத்தேன்."

ஷமீம் எழுந்து நின்றுவிட்டாள்.

"நான் போனா அது மூணு பேருக்கும் போவணும். அதான் சரியான பங்கு. எனக்குத் தெரியும்." மூச்சு வாங்கிக்கொண்டார். "இத்தினி வருசம் சரியா பிரிச்சிட்டேன். ஒரு தபா அநியாயம் பண்ணிட்டுப் போறேன். ஒளிச்சிப் பண்ணப் பிடிக்கல. அதான் எல்லாரையும் உக்கார வெச்சி சொல்றேன்."

ஷமீம் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "எனக்கு வேணாம்மா. எனக்கு எம்பங்கே போதும். அண்ணனுங்க இருக்காங்க…" ரியாஸ் அன்வரைப் பார்த்தார். நானும் அன்வரைத்தான் பார்த்தேன். எல்லோருமே அவரைத்தான் பார்த்தோம். அவர் கிண்ணத்தில் ஒட்டியிருந்த கடைசிச் சேமியாவைக் கரண்டியால் நிதானமாக வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"ஷமீமு, வாங்கிக்கினேன்னு சொல்லு. சீக்கிரம் சொல்லு. அம்மா மனசு மாறிடப் போவுது."

ரியாஸ் குபீரென்று சிரித்துவிட்டார். அன்வரின் மனைவியும் சிரித்தாள். ஷமீம் அழுதுகொண்டே, முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

"சத்தமா சொல்லுடி" என்றார் பாயம்மா. "மாடிப் பொண்ணுக்குக் கேக்கல."

"வாங்கிக்கினேன்."

பாயம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டுச்சு பாயம்மா" என்றேன்.